பச்சை மாத்திரை, வெள்ளை மாத்திரை

உங்க வீட்ல சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுற பெரியவங்க இருந்தா, இந்த த்ரெட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செய்யுங்க. அவங்ககிட்ட போய், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எது எதுக்கு?"ன்னு கேட்டுட்டு வாங்க.

பெரும்பாலும் பதில் இப்படித்தான் இருக்கும்.

"காலைல ரெண்டு, ராத்திரி மூணு. பச்சைக் கலர் சுகருக்கு. சின்னது பிரஷருக்கு. அந்த வெள்ளை எதுக்குன்னு தெரியல, டாக்டர் குடுத்தாரு, சாப்பிடுறேன்."

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். சுகர், பிரஷர் ஓபி நாள்ல காலை நேரத்துக்குள்ளேயே நூறு பேரைத் தாண்டிடும். அதுல பாதிக்கு மேல அறுபது வயசைக் கடந்தவங்க. மேல இருக்கிற பதிலை நான் தினமும் கேட்கிறேன். இதைக் கேட்டு சிரிக்கலாம். சிரிக்கக் கூடாதுன்னு எனக்குப் புரிய வச்சது ஒரு ராத்திரி டியூட்டி.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். எழுபது வயசுக்கு மேல ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. கூப்பிட்டா பதில் இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து சேலையே நனைஞ்சிருந்தது. "பக்கவாதம் போல இருக்குதுங்க, ராத்திரியே பேச்சு குளறுச்சு"ன்னு மகன் சொன்னார்.

விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டர்ல வச்சா 34. ரத்த சர்க்கரை 70க்குக் கீழே போனாலே லோ சுகர். 34ங்கிறது மூளை பட்டினி கிடக்கிற அளவு. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினோம். கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்து, "ஏங்கண்ணு, எல்லாரும் இப்படிச் சுத்தி நிக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க.

அப்புறம்தான் மகனை வீட்டுக்கு அனுப்பி மாத்திரைப் பையைக் கொண்டு வரச் சொன்னோம். ரெண்டு பை வந்துச்சு.

ஒண்ணு நம்ம அரசு மருந்தகத்துல கொடுத்தது. அதுல கிளிமிபிரைட் தனியா, மெட்ஃபார்மின் தனியா. இன்னொண்ணு தனியார் கிளினிக்ல, கால் எரிச்சலுக்குப் போன இடத்துல எழுதிக் கொடுத்தது. அங்கே இந்த ரெண்டு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையா, கம்பெனி பேர்ல கொடுத்திருக்காங்க.

அந்த அம்மாவுக்கு முதல் பை "சுகர் மாத்திரை". ரெண்டாவது பை "கால் எரிச்சல் மாத்திரை". ரெண்டையும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்காங்க. முந்தின ரெண்டு நாள் காய்ச்சல், வாய்க்கசப்புன்னு சரியா சாப்பிடவும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. அவங்க மாத்திரையை மறக்கலை. நிறுத்தலை. டாக்டர் பேச்சை மீறலை. ரெண்டு டாக்டர் சொன்னதையும் அப்படியே கேட்டாங்க. கேட்டதால வந்த ஆபத்து இது.

(இடையில ஒரு அவசரத் தகவல். லோ சுகர்ல திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி வரும். வயசானவங்களுக்கு அதுக்குப் பதிலா பேச்சு குளறல், தடுமாற்றம், சம்பந்தமில்லாம பேசுறது, தூங்கி வழியிறதுன்னு மட்டும் கூட வரலாம். நினைவோட இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சும் சரியாகலைன்னா திரும்பவும் கொடுங்க. நினைவில்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். 108க்குக் கூப்பிடுங்க. கிளிமிபிரைட் வகை மாத்திரை சாப்பிடுறவங்கன்னா, சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும். அந்த மருந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும். வயசான கிட்னியில அது வெளியேற இன்னும் நேரமாகும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

"ஹெல்த் லிட்டரசி"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. தமிழ்ல உடல்நலம் பத்தின விவர அறிவுன்னு வச்சுக்கலாம். டாக்டர் சொல்றது, மருந்துச் சீட்டுல இருக்கிறது, லேப் ரிப்போர்ட்ல இருக்கிறது, இதையெல்லாம் புரிஞ்சுக்கிட்டு வீட்ல போய்ச் சரியா செய்யத் தெரியறது. பல பேர் இதை எழுதப் படிக்கத் தெரியறதோட போட்டுக் குழப்பிக்கிறாங்க. ரெண்டும் வேற.

எங்க ஓபிக்கு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருத்தர் வருவார். பேப்பரை வரி விடாம படிக்கிறவர். கொழுப்பு மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருந்த தாளையும் வரி விடாம படிச்சிருக்கார். பக்கவிளைவுகள்னு அதுல இருந்த பட்டியலைப் பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திட்டார். அவருக்கு ஏற்கனவே ஒரு தடவை மாரடைப்பு வந்து பிழைச்சவர். அரிதா வரக்கூடியதையும் அந்தத் தாள்ல எழுதித்தான் ஆகணும், அதைவிட அந்த மாத்திரையை நிறுத்தினா வர்ற ஆபத்து பல மடங்கு பெரிசுன்னு அவருக்கு யாரும் சொல்லலை.

அதே ஓபிக்கு கைநாட்டு வைக்கிற பாட்டி ஒருத்தங்க வருவாங்க. பழைய அஞ்சறைப் பெட்டி ஒண்ணுல மாத்திரையை வச்சிருக்காங்க. கடுகு இருந்த குழியில காலை மாத்திரை, சீரகம் இருந்த குழியில ராத்திரி மாத்திரை. அட்டையை வெட்டி, பேர் இருக்கிற பக்கம் மேல தெரியற மாதிரி வச்சிருக்காங்க. ஒரு வேளை தவறினதில்லை. மருந்துக் கடையில விற்கிற மாத்திரை டப்பாவை விட இது நல்ல ஏற்பாடுன்னு நான் அவங்ககிட்டயே சொல்லியிருக்கேன். (நீங்க செய்யறதா இருந்தா அட்டையோட வைங்க. பிரிச்சுக் கொட்டி வச்சா மாத்திரை காத்து பட்டு நமத்துப் போயிடும். எது எதுன்னும் தெரியாது.)

இப்ப கலர் விஷயம்.

பெரியவங்க மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் வச்சு அடையாளம் வச்சுக்கிறது முட்டாள்தனம் இல்லை. இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கிற பேரைவிட நிறம்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் கண்புரையோ, சுகரால விழித்திரை பாதிப்போ இருந்தா கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு 10 மாத்திரை அட்டையை வெட்டி 4 கொடுக்கிறப்ப, பேர் இருக்கிற பக்கம் யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது.

சிக்கல் என்னன்னா, நிறம் நிலையா இருக்காது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல தொடங்கினது. கம்பெனி பேரைப் பார்க்காமல் மருந்தின் பேரை வச்சு டெண்டர் விடுவாங்க. அதனாலதான் இத்தனை பேருக்கு இலவசமா மருந்து கொடுக்க முடியுது, அதுல எனக்கு ரொம்பப் பெருமை உண்டு. ஆனா டெண்டர்ல வேற கம்பெனி வந்தா, போன மாசம் பச்சையா இருந்த மாத்திரை இந்த மாசம் வெள்ளையா வரும். உள்ளே இருக்கிற மருந்து அதேதான்.

அப்ப என்ன நடக்கும்? சிலர் "இது நம்ம மாத்திரை இல்லை"ன்னு ஒதுக்கி வச்சிடுவாங்க. சிலர் "புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க"ன்னு, மிச்சம் இருக்கிற பச்சையையும் புது வெள்ளையையும் சேர்த்துப் போடுவாங்க. முதலாவதுல சுகர் ஏறும். ரெண்டாவதுல அந்த அம்மா வந்த மாதிரி வருவாங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதில்லை. அமெரிக்காவில மாரடைப்பு வந்து மாத்திரை சாப்பிட்டு வந்தவங்களை வச்சு ஒரு ஆய்வு 2014ல வெளிவந்தது. மாத்திரையின் நிறம் மாறினப்ப அதை நிறுத்திடுற வாய்ப்பு 34 சதவீதம் கூடுச்சு. வடிவம் மாறினப்ப 66 சதவீதம். அங்கேயும் அதே கதைதான்.

அடுத்து எங்க பக்கத்துக் குறை. டாக்டர்களான நாங்க எல்லாம் சொல்லி முடிச்சுட்டு ஒரு கேள்வி கேட்போம்: "புரிஞ்சுதா?"

இதுக்கு உலகத்துல ஒரே பதில்தான். "புரிஞ்சுதுங்க."

வெளியில பெரிய வரிசை நிக்குது. டாக்டர் அவசரத்துல இருக்கார்னு தெரியுது. பேத்தி வயசு நர்ஸ் பக்கத்துல நிக்கிறாங்க. அங்கே எந்தப் பெரியவராவது "எனக்கு ஒண்ணும் புரியலை"ன்னு சொல்வாரா? நீங்களா இருந்தா சொல்வீங்களா? பேங்க்ல பாரத்தைக் காட்டி விளக்கிட்டு "ஓகேவா சார்?"னு கேட்டா நாம எல்லாருமே தலையாட்டிட்டுத்தானே வர்றோம்.

புரிஞ்சிருந்தாலும் செய்ய வருமாங்கிறது வேற கேள்வி. 2006ல இன்னொரு அமெரிக்க ஆய்வு. "ரெண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை"ன்னு எழுதின லேபிளைக் காட்டினாங்க. வாசிப்புத் திறன் குறைஞ்சவங்கள்ல 100க்கு 71 பேர் அதைச் சரியா சொல்லிட்டாங்க. "அப்ப ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு எண்ணிக் காட்டுங்க"ன்னு கேட்டப்ப, சரியா காட்டினவங்க 35 பேர்தான். சொன்னவங்கள்ல பாதிப் பேரால செஞ்சு காட்ட முடியலை.

அதனால இப்ப நான் "புரிஞ்சுதா"ன்னு கேட்கிறதில்லை. "வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னாருன்னு மருமக கேட்டா என்ன சொல்வீங்க?"ன்னு கேட்கிறேன். மாத்திரையை மேஜையில வச்சு, "ராத்திரிக்கு எதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க பாட்டி"ன்னு கேட்கிறேன். இதுக்கு "டீச் பேக்"னு பேர். எல்லா மருந்துக்கும் கேட்க எனக்கு நேரம் கிடையாது. அன்னைக்குப் புதுசா சேர்த்தது, அளவு மாத்தினது, இன்சுலின், இந்த மூணுக்கு மட்டும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. பாட்டிகளுக்கு இது பரீட்சை மாதிரி தெரியக் கூடாதுன்னுதான் மருமகளை இழுத்தேன். மருமகளைப் பத்திக் கேட்டா வேற சில தகவலும் சேர்ந்து வரும், அது தனிக் கதை.

கேட்கும்போதுதான் எத்தனை விதமா புரிஞ்சு வச்சிருக்காங்கன்னு தெரியுது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி"ன்னு சொன்னதை, மாத்திரை போட்டுட்டுக் காட்டு வேலைக்குப் போய், பதினொரு மணிக்கு வந்து சாப்பிடலாம்னு புரிஞ்சுக்கிட்டவர் உண்டு. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவுல மூணு மணி நேரம். நாங்க சொல்ல வந்தது, தட்டு போட்டதும் மாத்திரை, உடனே சாப்பாடு. அதை யாரும் அப்படிச் சொல்லலை, "முன்னாடி"ன்னு மட்டும் சொன்னோம். சீட்டுல 1-0-1ன்னு எழுதினதை "நூத்தி ஒண்ணு"ன்னு படிச்சுட்டு வந்து கேட்டவரும் உண்டு. காலை 1, மதியம் இல்லை, ராத்திரி 1ன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்களும் அவங்க பேச்சைத் தப்பாப் புரிஞ்சுக்கிறோம். "மயக்கமா வருது"ன்னு சொல்லுவாங்க. தலை சுத்துறதும் மயக்கம்தான், கண் இருட்டிக்கிட்டு வர்றதும் மயக்கம்தான், அசதியில கண்ணைச் சொக்குறதும் மயக்கம்தான். ஒண்ணு காதுப் பிரச்சினையா இருக்கலாம், ஒண்ணு பிரஷர் மாத்திரை அதிகமானதா இருக்கலாம், ஒண்ணு லோ சுகரா இருக்கலாம். "எப்ப வருது? படுத்து எந்திரிக்கும்போதா, மாத்திரை போட்ட பிறகா, பசியிலயா?"ன்னு கேட்டாத்தான் பிரியும்.

அடுத்து, "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." காய்ச்சல் போனா மாத்திரையை நிறுத்துறோம் இல்லையா, அதே கணக்கு. கணக்கு தப்பில்லை, நோய்தான் வேற மாதிரி. பிரஷர் நார்மலா இருக்கிறதே மாத்திரை உள்ளே வேலை செய்யறதாலதான். நான் ஓலைக் கூரையை வச்சுச் சொல்வேன்: "வீட்டுக்குள்ள நனையலைன்னு கூரையைப் பிரிப்பீங்களா?" இதுக்கு மட்டும் உடனே சிரிப்பு வரும்.

ஆனா எல்லாத்தையும் விட ஊர்ல ஆழமா வேர் விட்டது இன்னொண்ணு. "சுகர் மாத்திரை சாப்பிட்டு சாப்பிட்டுத்தான் கிட்னி போகுது."

இது எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சா, மக்கள் கண்ணால பார்த்ததுலேருந்துதான் வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பதினைஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டார், கிட்னி கெட்டுச்சு, உடனே டாக்டர் மெட்ஃபார்மினை நிறுத்தினார். பார்க்கிறவங்களுக்கு மாத்திரைதான் குற்றவாளின்னு தோணும். உண்மையில கிட்னியோட நுண்ணிய ரத்தக் குழாய்களை வருஷக் கணக்கில அரிச்சது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறுறது கிட்னி வழியா. கிட்னி ரொம்பக் குறைஞ்சு போனா மருந்து உள்ளேயே தங்கிடும்னுதான் அப்ப அதை நிறுத்துறோம். சாக்கடை அடைச்சுக்கிட்டா குழாயை மூடுறோம், குழாய்த் தண்ணிதான் சாக்கடையை அடைச்சதுன்னு சொல்றதில்லையே. கிட்னியை நிஜமாவே பதம் பார்க்கிறது மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குற மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபினாக் மாதிரியானது. பிரஷரையும் ஏத்தும். அதைப் பத்தி ஊர்ல ஒருத்தரும் பயப்படுறதில்லை!

இன்சுலின் போடுறவங்க வீட்டுக்கு ஒரு தனி வார்த்தை. அரசு மருத்துவமனைகள்ல கொடுக்கிற பாட்டில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச். பேனாவுல போடுற இன்சுலின் 1 மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்ச் கிடைக்கலைன்னு கடையில ஆரஞ்சு மூடி கொடுத்தா, 40 யூனிட் பாட்டில்லேருந்து 20ங்கிற கோடு வரைக்கும் இழுத்தாலும் உள்ளே போறது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கிட்டே இருக்கும், டாக்டர் அளவைக் கூட்டிக்கிட்டே இருப்பார். மாத்திப் போட்டா, அதாவது 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா, போறது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே போய்ப் பாட்டில்ல எழுதியிருக்கிற எண்ணையும் சிரிஞ்சுல இருக்கிற எண்ணையும் பொருத்திப் பாருங்க.

வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு: "மாத்திரை போட்டியாம்மா?"ன்னு தினமும் போன்ல கேட்கிறீங்க. "போட்டேன்"னு பதில் வருது. இதுவும் "புரிஞ்சுதா" மாதிரிதான். வாரத்துல ஒரு நாள் வீடியோ கால்ல எல்லா மாத்திரையையும் ஒரு துண்டு விரிச்சுப் பரப்பச் சொல்லுங்க. எதுல எத்தனை மிச்சம்னு எண்ணுங்க. கணக்கு தானா தெரிஞ்சுடும். அட்டையில இருக்கிற மருந்துப் பேரைப் படிச்சுப் பாருங்க. கம்பெனி வச்ச பேரை விடுங்க, மருந்தின் பேரைத்தான் பார்க்கணும். ஒரே பேர் ரெண்டு அட்டையில இருந்தா உடனே டாக்டரைக் கேளுங்க. கூட்டு மாத்திரையில ரெண்டு மூணு பேர் இருக்கும், எல்லாத்தையும் படிங்க. திட்டாதீங்க. திட்டினா அடுத்த வாரம் மாத்திரையை ஒளிச்சு வைப்பாங்க, நான் பார்த்திருக்கேன்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டு வர்றது பெரும்பாலும் உங்க பகுதியிலேயே இருக்கிற ஒரு அக்கா. அவங்க பேசுறது எங்க பேச்சைவிட பெரியவங்களுக்கு நல்லாப் புரியும். அவங்க வந்தா வாசல்லயே வாங்கிட்டு அனுப்பாம, உட்கார வச்சு ஒரு டீ கொடுத்து, "போன தடவை குடுத்ததும் இதுவும் ஒண்ணுதானா?"ன்னு கேளுங்க.

கடைசியா ஓபி நாள் பத்தி. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொன்னா, பலர் பிரஷர் மாத்திரையையும் போடாம வந்துடுறாங்க. அன்னைக்குப் பார்த்தா பிரஷர் 180 காட்டும், தேவையில்லாம மாத்திரை கூடும். டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருந்தா தவிர, பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணியில போட்டுட்டே வரலாம். சுகர் மாத்திரையையும் டிபனையும் கையில கொண்டு வாங்க, ரத்தம் கொடுத்த பிறகு சேர்த்துச் சாப்பிடலாம். முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துட்டு வர்றதும் வேண்டாம். மூணு மாச சுகர் டெஸ்ட் அதைக் காட்டிக் கொடுத்துடும்.

வரும்போது சீட்டு மட்டும் போதாது. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும் ஒரு மஞ்சப்பையில. பாதி தீர்ந்தது, வேற டாக்டர் கொடுத்தது, மெடிக்கல்ல வாங்கினது, நாட்டு மருந்துப் பொடி, எல்லாம். "இதெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க"ன்னு யாராவது கேட்டா, "இதுல ஒரே மருந்து ரெண்டு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்"னு கேளுங்க. பார்த்துச் சொல்ல அரை நிமிஷம் போதும்.